ஒரு தட்டு என்றால் ஓம்

போன கிழமை நிரோஜா போன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரையில் இருக்கிறவள் அவள்தான். உண்மையாகவே அதே கதிரை. ஒரு கால் ஆடும். கீழே மடித்து வைத்திருக்கும் பேப்பரை எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

“சேர், ஒரு ஆளை அழிக்கட்டோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்,” என்றாள்.

காலைத் தேநீரோடு ஒரு மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? யாரை என்று கேட்டேன்.

“புதுசா ஒரு மெசின் பூட்டியிருக்கினம் சேர். எங்கட கொம்பியூட்டரில இருக்கிற எல்லாருக்கும் அது தானாவே போன் எடுக்கும். ‘உங்கள் சேவை தொடர்கிறதா? தொடர்ந்தால் ஆம் என்று சொல்லுங்கள்’ எண்டு கேக்கும். சொல்லாட்டி திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்திட்டுச் சிவப்பாக்கிப் போடும். உப்புவெளி ஞானம் எண்டு ஒராள் சிவப்பாயிட்டார். குறிப்பில தட்டு, கிட்டு எண்டு என்னவோ எழுதிக் கிடக்கு. ஒண்டும் விளங்கேல்ல. சிவப்பு எல்லாத்தையும் இண்டைக்கு அழிக்கச் சொல்லியிருக்கினம்.”

“கை வைக்காதேங்கோ. பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ,” என்றேன்.

“ஆர் சேர் அவர்?”

அது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைப் பட்டினத்தில், துறைமுகத்துக்குப் போகிற தெருவில், மாடியில் இரண்டு அறைகளில் எங்கள் தகவல் நிலையம் இருந்தது. மாவட்டத்தில் யாருக்கு எந்த உதவி வேண்டுமென்றாலும் எங்களுக்குப் போன் எடுக்கலாம். தொலைந்த பிறப்பத்தாட்சியை எங்கே திரும்ப எடுக்கலாம், செயற்கைக் கால் எங்கே பொருத்துவார்கள், அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி எங்கே போய் இருக்கலாம், இலவசமாக வழக்குப் பேச ஆள் உண்டா, எல்லாம் எங்களிடம் உண்டு. நாங்கள் உதவி செய்வதில்லை. உதவி செய்கிறவரின் வாசல் வரைக்கும் ஆளைக் கொண்டுபோய் விடுவோம், அதுவும் வாயால் மட்டும். என் தாய்மாமனுக்கு இதைக் கடைசிவரை விளங்கப்படுத்த ஏலாமல் போய்விட்டது. நான் ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்கிறேன் என்ற நம்பிக்கையோடேயே போய்ச் சேர்ந்தார்.

பயிற்சிக்கென்று கொழும்புக்கு அனுப்பினார்கள். ஹோட்டல் ஒன்றில் வைத்துப் படம் காட்டினார்கள். முள்ளுக்கரண்டியால் இடியப்பம் சாப்பிடுவது எப்படியென்று படித்துக்கொண்டு வந்தேன். வேலை பழகியது திருமதி மரியதாஸிடம். எங்கள் நிலையத்தின் பொறுப்பாளர் அவர். நாங்கள் மிஸ் என்போம்.

கொம்பியூட்டரில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பதிவு இருக்கும். பெயர், இடம், நேரம், கையோடு கொண்டுபோக வேண்டியவை. இவ்வளவும் எந்த மடையனும் நிரப்புவான் என்பார் மிஸ். கடைசியில் ஒரு பெரிய வெற்றுக் கட்டம் இருக்கும், அதற்கு மேலே ‘மேலதிகக் குறிப்பு’ என்று போட்டிருக்கும். மிஸ்ஸின் உயிர் அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. அங்கே போகிற ஆளுக்கு உண்மையாகவே உதவுகிற விசயம் அதில் இருக்கவேண்டும். நாங்களே போய், நின்று, பார்த்து வந்துதான் எழுதவேண்டும். எழுதியதும் பரீட்சை தொடங்கும்.

பரீட்சை இப்படி. மிஸ் தன் கதிரையைத் திருப்பிப் போட்டு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். சேலைத் தலைப்பால் முகத்தை ஒருதரம் துடைப்பார். பிறகு குரல் மாறும்.

“நான் கந்தளாயில இருந்து வந்த ஒரு பொம்பிளை. கையில பிள்ளை. காலில புண். சொல்லுங்கோ தம்பி, எங்க இறங்கிறது?”

காலில் எப்போதும் புண் இருக்கும். நாங்கள் எழுதியது மோசமென்றால் பிள்ளைக்குக் காய்ச்சலும் வரும். மிக மோசமென்றால் மழையும் பெய்யும்.

நான் எழுதிய முதல் குறிப்பு, சட்ட உதவி தருகிற ஒரு இடத்தைப் பற்றியது. ‘மான்கள் படுத்திருக்கும் மதிலுக்கு நேரெதிரே’ என்று எழுதியிருந்தேன். எங்கள் பட்டினத்தில் மான்கள் தெருவில் திரிவதைப் பிறந்தது முதல் பார்க்கிறவனுக்கு அதில் பிழை எதுவும் தெரியவில்லை.

“தம்பி, நான் வந்திட்டன். மானைக் காணேல்ல,” என்றார் மிஸ், முதுகைக் காட்டியபடியே.

“கொஞ்ச நேரத்தில வந்திடும் மிஸ்.”

“நான் மான் வரும் வரைக்கும் நிக்கவோ? பிள்ளைக்குக் காய்ச்சல் காயுது.”

இன்னொரு குறிப்பில், ‘நாய் குரைக்கும், கடிக்காது’ என்று எழுதினேன். யாரைக் கடிக்கவில்லை என்று கேட்டார். என்னை என்றேன். ஒரு ஆளை வைத்து முடிவுக்கு வர ஏலாது என்று பக்கத்து மேசைக்காரரை அனுப்பினார். அந்தக் குறிப்பு இப்போதும் கொம்பியூட்டரில் இருக்கிறது. ‘நாய் கடிக்கும். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடவும்’ என்று.

மிஸ்ஸுக்கு இன்னொரு சட்டம் இருந்தது. போனை எடுத்தால் மறுபக்கத்தில் சத்தமே இல்லையா, வைக்கக் கூடாது. கதைக்க முடியாத இடத்திலிருந்து ஒரு பெண் எடுத்திருக்கலாம், புருஷன் பக்கத்திலேயே நிற்கலாம். மெதுவாக, “தங்கச்சி, கதைக்க ஏலாட்டிப் பரவாயில்லை. ஓம் எண்டா ஒருக்கா தட்டுங்கோ, இல்லை எண்டா ரெண்டு தரம் தட்டுங்கோ” என்று சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தால் ஒன்றிரண்டு பெண்கள் தப்பியதை நான் கண்ணால் கண்டவன். அதனால் அதைப் பகிடி பண்ண மாட்டேன். ஆனால் பின்னால் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

அந்த நாட்களில் எங்களுக்கு ஒரு தலையிடி இருந்தது. பெயர் பாக்கியம் ரீச்சர். நிலாவெளியில் இருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு ரீச்சர், நடக்க ஏலாது. யாரோ விழா வைத்து, படம் எடுத்து, அவருக்கு ஒரு சில்லுக் கதிரை கொடுத்திருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் சில்லுக் கதிரை கொடுக்க ஆட்கள் நிறைய இருந்தார்கள், கொம்பியூட்டரில் பக்கம் பக்கமாக வரும். ஆனால் அந்தக் கதிரைகள் மழமழவென்ற ஆஸ்பத்திரித் தரைக்குச் செய்தவை. நிலாவெளி மணலில் முன்சில்லு புதையும். கடல் உப்பு இரும்பைத் தின்னும். கொஞ்ச நாளில் கதிரை கோழி அடைகிற இடமாகிவிடும். திருத்துகிற ஆள் ஒருவர்கூட எங்களிடம் இல்லை.

ரீச்சர் நாள் தவறாமல் போன் எடுப்பார்.

“உங்களிட்ட எல்லாத் தகவலும் இருக்கெண்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீங்கள். என்ர சில்லுக்கு மட்டும் தகவல் இல்லையோ?”

“புதுக் கதிரை ஒண்டு எடுத்துத் தரலாம் ரீச்சர்.”

“புதுசும் உடையும். திரும்ப விழா வைப்பாங்கள், திரும்பப் படத்துக்குச் சிரிக்க வேணும். எனக்கு வாசலைத் தாண்டிப் போக வேணும் தம்பி. தெருவில ஆர் போகினம், ஆர் வருகினம் எண்டு தெரியாமல் எத்தினை நாளைக்கு இருக்கிறது?”

ரீச்சர் வைத்த கையோடு இன்னொரு போன் வரும். சத்தம் இராது. மூச்சு மட்டும் கேட்கும், அதுவும் ஒரு மாதிரி விசிலடிக்கிற மூச்சு. தங்கச்சி, பயப்படாதேங்கோ என்று நான் தொடங்கினால் இரண்டு தட்டு விழும். பிறகு லைன் அறுந்துவிடும். சில நாட்கள் தொடர்ந்து இப்படி வந்தபோது மிஸ்ஸிடம் சொன்னேன். அடுத்த நாள் அவரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, சத்தம் எல்லாருக்கும் கேட்கிற பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருந்தார்.

போன் வந்தது. விசில் மூச்சு.

“வையாதேங்கோ அம்மா. நான் கேக்கிறன், நீங்கள் தட்டினால் காணும். வீட்டில ஆம்பிளை இருக்கிறாரோ?”

ஒரு தட்டு.

“பக்கத்தில நிக்கிறாரோ?”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு தட்டு.

மிஸ் என்னைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. “அவரால உங்களுக்குக் கரைச்சலோ?”

நீண்ட யோசனை. ஒரு தட்டு.

“குடிக்கிறவரோ?”

இரண்டு தட்டு. பிறகு, கொஞ்சம் தயங்கி, ஒன்று.

“இடைக்கிட குடிப்பாராக்கும்,” என்று மிஸ் எனக்குக் கிசுகிசுத்தார். “பொலிசுக்குச் சொல்லட்டோ அம்மா?”

இரண்டு தட்டு, பலமாக. இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம்.

“அடிக்கிறான்!” என்று பக்கத்து மேசைக்காரர் எழும்பிவிட்டார்.

“அம்மா, தெம்பா இருங்கோ, நாங்கள் வாறம். நீங்கள் நிலாவெளிப் பக்கமோ?” இரண்டு. “உப்புவெளி?” ஒன்று. “கடற்கரைப் பக்கமோ?” ஒன்று. இப்படியே கோயிலைத் தாண்டி, கடையைத் தாண்டி, இடப்பக்க ஒழுங்கைக்குள் போய், நீலக் கேற் போட்ட வீட்டு வாசல் வரைக்கும் தட்டித் தட்டிக் கொண்டுபோய் விட்டது அந்தப் பிள்ளை. எங்கள் கொம்பியூட்டரில்கூட அவ்வளவு துப்புரவான வழிக்குறிப்பு இருக்கவில்லை.

மிஸ்ஸும் நானும் ஓட்டோவில் பறந்தோம். வழியெல்லாம் எனக்குப் பாடம் நடந்தது. ஆம்பிளைக் குரல் கேட்டால் புருஷனுக்கு வெறி கூடும், நீர் கேற்றுக்கு வெளியே நில்லும், நான் கூப்பிட்டால் மட்டும் வாரும் என்றார். கையில் குடை. அதன் முனையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கும் பயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

நீலக் கேற்றைத் தள்ளிக்கொண்டு போனார். முற்றத்தில் இடுப்பில் கட்டிய சாரத்தோடு ஒரு மனிதர் குந்தியிருந்தார். வயது எழுபதுக்குக் கிட்ட இருக்கும். ஒரு கையில் போன், மற்றக் கையில் பெரிய சாவிக்கோல், நட்டுப் பூட்டுகிற ஆயுதம். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி.

“எங்க அந்தப் பிள்ளை?” என்றார் மிஸ், குடையை நீட்டி.

அவர் மிஸ்ஸைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். சாவிக்கோலால் பக்கத்தில் கிடந்த இரும்புச் சட்டத்தில் ஒருதரம் தட்டினார். அதே சத்தம். கேற்றுக்கு வெளியே நின்ற எனக்கே விளங்கிவிட்டது.

மிஸ்ஸுக்கு மட்டும் விளங்கவில்லை. “உள்ளுக்க பூட்டி வைச்சிருக்கிறீரோ?” என்று சீறினார். மனிதர் பெருமூச்சு விட்டார், துணிக்குள்ளால் விசில் வந்தது. பக்கத்தில் கிடந்த சிலேற்றை எடுத்து, சோக்கால் எழுதி, தூக்கிக் காட்டினார்.

‘நான்தான் அந்தப் பிள்ளை.’

அதற்குப் பிறகு மிஸ் குடையைத் தாழ்த்திய விதத்தை எழுத எனக்கு வல்லமை இல்லை.

அவர்தான் ஞானம் அண்ணை. துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் எஞ்சின் திருத்தியவர். எஞ்சின் அறை இரைச்சலில் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காதாம், குழாயில் தட்டித்தான் கதைப்பார்களாம். ஒன்று என்றால் ஓம், இரண்டு என்றால் வேண்டாம். தொண்டையில் நோய் வந்து, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்துத் துளையால்தான் மூச்சு. மனைவி இல்லை, மகள் கந்தளாயில் கட்டிக்கொடுத்த இடத்தில். வீட்டில் இருந்த ஒரே ஆம்பிளை அவர்தான். பக்கத்தில் நின்றதும் அவர்தான். அவரால் அவருக்குக் கரைச்சலா என்று கேட்டபோதும் மனிதர் நேர்மையாக யோசித்துத்தான் தட்டியிருக்கிறார்.

முற்றம் முழுக்க சில்லுக் கதிரைகள். கவிழ்ந்தும், சரிந்தும், சில்லில்லாமலும். எல்லாம் பழைய இரும்புக் குவியல்களில் பொறுக்கியவை, விழா வைத்தவர்களின் பெயர் பொறித்த தகடுகளும் அப்படியே. முன்னுக்குச் சின்னப்பிள்ளைகளின் சைக்கிள் சில்லைப் போட்டுத் திருத்தி வைத்திருந்தார். அகலச் சில்லு, மணலில் புதையாது.

“நேரில வந்திருக்கலாமே அண்ணை?” என்றேன் நான்.

உள்ளே போய் ஒரு ஊன்றுகோலைக் கொண்டுவந்து காட்டினார். எங்கள் நிலையத்தில் யாரோ மறந்து விட்டுப்போய் மூலையில் கிடந்த ஊன்றுகோல். வந்திருக்கிறார். என்னென்ன உதவி வேண்டும் என்று சத்தம் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். கதைக்க மாட்டாதவருக்குக் காதும் கேட்காது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். சிலேற்றை எடுப்பதற்குள் காதுப் பரிசோதனைக்கு ஒரு இடத்தைச் சொல்லி, ஊன்றுகோல் ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மனிதர் நல்லா நடப்பார். ஊன்றுகோல் யன்னலுக்கு முட்டுக் கொடுக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

சிலேற்றில் எழுதினார். ‘நேரில வந்தால் என்னைப் பார்க்கினம். போனில எண்டால் கேக்கினம்.’

மிஸ் அதை வாசித்துவிட்டு அவருக்கு முன்னால் குந்தினார். 

“இப்ப சொல்லுங்கோ. உங்களுக்கு என்ன வேணும்?”

அழித்துவிட்டு எழுதினார். ‘எனக்கு ஒண்டும் வேண்டாம். என்னைக் கொம்பியூட்டரில போடுங்கோ. உதவி கேக்கிற பக்கத்தில இல்லை. செய்யிற பக்கத்தில.’

‘செய்யிற’ என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார்.  

ஆனால் மிஸ் மிஸ்தான். மனமிளகி யாரையும் கொம்பியூட்டரில் போடுகிறவர் அல்ல. வேலையை நாங்கள் கண்ணால் பார்க்கவேண்டும், அதன் பிறகுதான் பதிவு. “ரீச்சரின்ர கதிரையைக் கொண்டு வாரும்,” என்றார் என்னிடம். “அந்த மனுசிக்குப் பிடிச்சுதெண்டால் உலகத்தில ஆருக்கும் பிடிக்கும்.”

கதிரையை மட்டும் கொண்டுவரத்தான் நிலாவெளிக்குப் போனேன். தன் கதிரையைத் தன் கண் முன்னால்தான் கழற்ற வேண்டும் என்று ரீச்சரும் ஓட்டோவில் ஏறிவிட்டார். உப்புவெளி முற்றத்தில் அவரை இறக்கி ஒரு வாங்குப் பலகையில் இருத்தினோம். ஞானம் அண்ணை வேலையைத் தொடங்க, ரீச்சர் கதையைத் தொடங்கினார். சில்லின் சுற்றளவு, முன்பாரம், பின்பாரம், கதிரை கொடுத்தவர்களின் விழாப் பேச்சு, பொன்னாடை, வடையில் உப்பில்லாதது. அண்ணை குனிந்தபடி சாவிக்கோலைத் திருப்புவார், இடைக்கிட ஒரு தட்டு. ஓரிடத்தில் இரண்டு தட்டு விழுந்தது. ரீச்சர் நிறுத்தினார். மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார்.

“ஓம், நீங்கள் சொல்லுறதுதான் சரி. பெரிய சில்லு,” என்றார்.

அவர் தன் பிழையை ஏற்றுக்கொண்டதை நான் அங்கேதான் கண்டேன்.

பின்னேரம் கடற்கரைக்குப் போகிற மணல் ஒழுங்கையில் கதிரையை விட்டோம். மிஸ் குடையோடு ஒருபக்கம், நான் மறுபக்கம். ஞானம் அண்ணை கேற்றடியிலேயே நின்றுவிட்டார், பார்க்கப் பயந்து. ரீச்சர் கையால் சில்லைத் தள்ளினார். புதையவில்லை. இன்னொருதரம் தள்ளினார். அந்த ஒழுங்கையில் ரீச்சருக்கு யாரையும் தெரியாது, ஆனாலும் முதல் வீட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன பிள்ளை, இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்டார். மிஸ் என் பக்கம் திரும்பி, “போடும்,” என்றார்.

போடுவது லேசான வேலையாக இருக்கவில்லை. அண்ணையின் முற்றத்திலேயே இருந்து ‘வாய் பேச முடியாதவர்’ என்று எழுதிக் காட்டினேன். இரண்டு தட்டு. ‘மாற்றுத்திறனாளியான இவர்’ என்றேன். இரண்டு தட்டு, இரும்பு நெளியும் அளவுக்கு. மிஸ் அங்கேயிருந்த ஒரு கதிரையைத் திருப்பிப் போட்டார். “நான் கந்தளாயில இருந்து கதைக்கிறன். காலில புண். போன் எடுத்தன், ஆளின்ர சத்தத்தைக் காணேல்ல. என்ன செய்யிறது தம்பி?” கடைசியில் மூன்று பேருமாக ஒரு குறிப்பை எழுதி முடித்தோம். இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

‘சில்லுக் கதிரை திருத்துவார். மணலுக்கேற்ற சில்லு போடுவார். போனில் நீங்கள் கதையுங்கள், அவர் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஓம், இரண்டு என்றால் இல்லை. சத்தமாகக் கதைக்க வேண்டாம், காது நன்றாகக் கேட்கும். அவசரப்பட்டு வைக்க வேண்டாம்.’

அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருதரம் நான்தான் அவருக்குப் போன் எடுத்து விசாரிப்பேன். எல்லாப் பதிவுகளுக்கும் அப்படிச் செய்வது எங்கள் வழக்கம். ஞானம் அண்ணை, தவம் கதைக்கிறன், இன்னும் செய்யிறீங்களோ? ஒரு தட்டு. அவ்வளவுதான். என் உத்தியோகத்தில் இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு திருப்தியான உரையாடல் வேறு இல்லை. மிஸ் ஓய்வு பெற்று மகனிடம் கடல் கடந்து போனார். பிறகு நானும் ஓய்வு பெற்றேன். போன் எடுக்கிற வேலை நின்றுபோனது. எனக்குப் போன் வருவதும் நின்றுபோனது. நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு அந்த அமைதி பெரிய இரைச்சல், என் மனிசிக்குச் சொன்னால் சிரிப்பாள்.

இனி அன்றைய பின்னேரத்துக்கு வருகிறேன்.

சாப்பாட்டு மேசையில் இருந்து அவருடைய இலக்கத்தை எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெசினுக்கு ஏன் பதில் வரவில்லை என்று யோசித்துக்கொண்டே மணியை எண்ணினேன். வயசான மனிதர், தனிய இருக்கிறவர். நிரோஜா அழிக்கட்டோ என்று கேட்டது சரியான கேள்விதானோ என்றுகூட நினைத்துவிட்டேன். பிறகு யாரோ எடுத்தார்கள். சத்தமில்லை.

“ஞானம் அண்ணை, தவம் கதைக்கிறன். இன்னும் செய்யிறீங்களோ?”

விசில் மூச்சு. ஒரு தட்டு.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைத்து என்ன?

“ஒரு மெசின் போன் எடுத்ததாமே. நீங்கள் மறுமொழி சொல்லேல்லையோ?”

இரண்டு தட்டு, கோபத்தோடு. மெசின் கேட்ட ஒவ்வொருதரமும் மனிதர் ஒழுங்காக ஒரு தட்டுத் தட்டியிருக்கிறார். அதற்கு விளங்கவில்லை என்பது அவருடைய பிழையா?

“உங்களை அழிக்கட்டோ எண்டு கேக்கினம் அண்ணை.”

இரண்டு தட்டு, காது அடைக்கும் அளவுக்கு. போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

நிரோஜாவுக்கு உடனே சொன்னேன். அவள் சிவப்பை எடுத்துவிட்டு, தானே அவருக்குப் போன் எடுத்து, தங்கச்சி என்று தொடங்காமல் அண்ணை என்று தொடங்கி, ஒரு தட்டு வாங்கியிருக்கிறாள். குறிப்பில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறாள். ‘இவருக்கு மெசினால் எடுக்க வேண்டாம். ஆள் எடுக்கவும்.’ மிஸ் இருந்திருந்தால் அவளைப் பரீட்சையே வைக்காமல் விட்டிருப்பார்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. நான் சரி அண்ணை, வைக்கிறன் என்று சொன்ன பிறகும் ஞானம் அண்ணை வைக்கவில்லை. மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு தட்டு, மெதுவாக. கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு, அதே மெதுவாக. நான் எதுவும் கேட்காமலே தட்டுகிறாரே என்று முதலில் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. இத்தனை காலமும் கேட்டது நான், தட்டியது அவர். இப்போது அவர் கேட்கிறார், இருக்கிறீரோ என்று.

வாயால் சொல்லியிருக்கலாம். எனக்குக் குரல் இருக்கிறது. ஆனால் அந்த நேரம் அது வரவில்லை. விரல் மொளியால் மேசையில் ஒருதரம் தட்டினேன்.

அந்தப் பக்கம் லைன் வைத்த சத்தம் கேட்டது.

குசினிக்குள்ளிருந்து மனிசி எட்டிப் பார்த்தாள். “ஆரப்பா கதவில தட்டுறது? ஆர் நிக்கினம்?”

“நான்தான்,” என்றேன்.